முழங்கால் வலிப் பயிற்சியில் தொடைத் தசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்த்துவிட்டு வருபவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு தாள் இருக்கும். காலை நேராகத் தூக்கு, முழங்காலுக்கு அடியில் துண்டை வைத்து அழுத்து, சுவரில் சாய்ந்து இறங்கு என்று நாலைந்து படங்கள். எந்தப் பயிற்சி எந்தத் தசைக்கு, எந்தக் கோணத்தில் முழங்காலுக்குச் சுமை ஏறுகிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்காது. அது தெரியாமல் செய்தால் ஒன்று வலி கூடும், இல்லாவிட்டால் தசைக்கு ஒன்றும் போய்ச் சேராது. பிசியோதெரபியில் இருப்பவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கோணங்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கால் முழுக்க நீட்டியிருந்தால் 0 டிகிரி, நாற்காலியில் உட்கார்ந்து கால் நேராகத் தொங்கினால் 90 டிகிரி.

வலி முழங்காலில். தொடைக்கு எதற்குப் பயிற்சி?

முழங்காலுக்கென்று தனியாகப் பெரிய தசை கிடையாது. அதை நீட்டுவதும் மடக்குவதும் தாங்குவதும் தொடையிலிருந்து இறங்கி வரும் தசைகள்தான். காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் முழங்கால் கொஞ்சம் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அந்த மடங்கலைக் கட்டுக்குள் வைத்திருப்பது முன்தொடைத் தசை. அது பலவீனமானால் அதிர்ச்சி மூட்டுக்கே நேராகப் போகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் முன்தொடை பலவீனம் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. சிலருக்கு வலி வருவதற்கு முன்பே அது இருக்கிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. அதனால்தான் இன்றைய சிகிச்சை வழிகாட்டிகள் மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியை முதல் வரிசைச் சிகிச்சையாக வைக்கின்றன. மாத்திரைக்குத் துணையாகச் செய்வது என்ற இடத்தில் அது இப்போது இல்லை.

தொடையில் எந்தெந்தத் தசைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

முன்தொடையில் குவாட்ரிசெப்ஸ் என்ற நான்கு பிரிவுத் தசை. நடுவில் மேலாக ஓடுவது ரெக்டஸ் ஃபெமொரிஸ். அதற்கு அடியில் மறைந்திருப்பது வாஸ்டஸ் இன்டர்மீடியஸ். வெளிப்பக்கம் வாஸ்டஸ் லேட்டராலிஸ், உள்பக்கம் வாஸ்டஸ் மீடியாலிஸ். நான்கும் சேர்ந்து முழங்கால் சில்லைப் பிடித்து, அதன் வழியாகக் கீழ்க்கால் எலும்பை இழுக்கின்றன. இவற்றில் ரெக்டஸ் ஃபெமொரிஸ் மட்டும் இடுப்பு எலும்பிலிருந்து கிளம்புகிறது. ஆகவே முழங்காலை நீட்டுவதோடு, தொடையை இடுப்பில் தூக்கும் வேலையும் அதற்கு உண்டு. பின்னால் வரும் ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

பின்தொடையில் ஹாம்ஸ்ட்ரிங் தசைகள். உள்தொடையில் கால்களைச் சேர்க்கும் தசைகள். அவ்வளவு போதும்.

நான் தினமும் நடக்கிறேன். அப்படியும் வலி வந்த காலில் தொடை ஏன் மெலிந்துபோகிறது?

இது மிக நல்ல கேள்வி. இதற்கான பதில் தெரிந்தால் பயிற்சியைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

"பயன்படுத்தாததால் மெலிந்தது" என்பது பாதிக் கதைதான். முழங்காலுக்குள் நீர் கோத்தாலோ, காயம் பட்டாலோ, மூட்டைச் சுற்றியுள்ள உறையில் இருக்கும் உணர்நரம்புகள் முதுகுத் தண்டுக்கு மாறுபட்ட செய்திகளை அனுப்புகின்றன. அங்கே இருக்கும் தடுப்பு நரம்பணுக்கள் முன்தொடைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகின்றன. குழாயைப் பாதி மூடிவிட்டால் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கீழே சன்னமாகத்தான் வரும், அதே நிலைதான் இங்கேயும். தசை இருக்கிறது, நரம்பு இருக்கிறது, கட்டளை முழுசாக வருவதில்லை. நீங்கள் முழு மனதோடு முயன்றாலும் தசையின் ஒரு பகுதி வேலைக்கே வராது.

இதற்கு வலி இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வலியே இல்லாத ஆரோக்கியமான முழங்காலுக்குள் உப்புநீரை ஊசியால் ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. 1984-இல் வெளியான அப்படிப்பட்ட ஒன்றில், 20 முதல் 30 மில்லிலிட்டர் ஏறியதுமே உள்பக்கத் தசை அடங்க ஆரம்பித்தது. வெளிப்பக்கத் தசையும் ரெக்டஸ் ஃபெமொரிஸும் அடங்க 50 முதல் 60 மில்லிலிட்டர் தேவைப்பட்டது. 20 மில்லிலிட்டர் நீர் என்பது கண்ணாடியில் பார்த்தால்கூடச் சட்டென்று தெரியாத வீக்கம். முழங்காலுக்கு மேலே உள்பக்கம் இருக்கும் அந்தச் சதை மேடு முதலில் வற்றிப்போவதற்கு இது ஒரு காரணம்.

ஆக, வீங்கிய முழங்காலை வைத்துக்கொண்டு பாரம் தூக்கிப் பலம் ஏற்ற நினைப்பது வீண் பாடு. முதலில் வீக்கம் இறங்க வேண்டும், தசைக்குக் கட்டளை திரும்ப வேண்டும். பலம் அதற்கு அப்புறம்.

ஈஎம்ஜி என்றால் என்ன? அதில் எதைப் பார்க்கிறார்கள்?

தசை சுருங்கும்போது அதில் மிகச் சிறிய மின்னோட்டம் எழும். தோல்மேல் ஒட்டும் மின்முனைகள் வழியாக அதைப் பதிவு செய்வதுதான் ஈஎம்ஜி. ஊசி போடுகிற ஈஎம்ஜியும் உண்டு, அது நரம்புக் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு. பயிற்சி ஆய்வுகளில் பெரும்பாலும் தோல்மேல் ஒட்டுவதுதான். வலிக்காது.

முடியை மழித்து, தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மின்முனைகளை அவற்றின் மையங்கள் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் வரும்படி ஒட்டுவார்கள். உள்பக்கத் தசைக்கு எங்கே ஒட்டுவது என்பதற்கும் ஐரோப்பாவில் உருவான செனியம் என்ற வழிகாட்டி இருக்கிறது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்காலின் உள்பக்க இடுக்குவரை ஒரு கோடு போட்டு, அதில் 80 சதவீத தூரம் இறங்கிய இடம். ஒட்டிவிட்டு, காலைத் தளர்வாக வைக்கச் சொன்னால் திரையில் மெல்லிய நேர்கோடு ஓடும். "இறுக்குங்கள்" என்றதும் கோடு தடித்து, மேலும் கீழும் அடர்ந்த பட்டையாக மாறும். வலியுள்ள காலையும் நல்ல காலையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஒன்றில் பட்டை தடிமனாகவும் மற்றதில் நொய்ந்தும் இருப்பதை நோயாளியே கண்டுகொள்வார். நான் பத்து நிமிடம் பேசி விளக்குவதைவிட அந்த ஒரு பார்வை அதிகம் புரியவைக்கிறது.

"இந்தப் பயிற்சியில் தசை 60 சதவீதம் வேலை செய்கிறது" என்று எழுதுகிறார்களே, அதை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எதில் 60 சதவீதம் என்று கேட்டுவிட்டு.

ஆளுக்கு ஆள் தோலின் தடிமன், கொழுப்பின் அளவு, மின்முனை ஒட்டிய இடம் எல்லாம் மாறுவதால் நேரடி மின்னழுத்த அளவை வைத்து ஒப்பிட முடியாது. அதனால் முதலில் அந்த நபரை அசையாத ஒரு கருவிக்கு எதிராக முழுப் பலத்தோடு தள்ளச் சொல்லி அளப்பார்கள். அதை 100 என்று வைத்துக்கொண்டு, பயிற்சியின்போது வரும் அளவைச் சதவீதமாகச் சொல்வார்கள். பலம் ஏற வேண்டுமானால் சுமார் 40 முதல் 60 சதவீதத்துக்கு மேல் போக வேண்டும் என்பது பரவலாகப் பயன்படுத்தப்படும் எல்லை. அதற்குக் கீழே இருப்பவை தசையை எழுப்பவும், சோர்வைத் தாங்கப் பழக்கவும் உதவும். படியில் பக்கவாட்டில் ஏறுவதும், ஒரு காலை முன்னே வைத்து இறங்கும் லஞ்ச் பயிற்சியும், பாரம் இல்லாமலே, ஆரோக்கியமானவர்களின் உள்பக்கத் தசையில் 45 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன.

கவனிக்க வேண்டியது "ஆரோக்கியமானவர்களின்" என்ற சொல். வலியும் வீக்கமும் உள்ளவர் முழுப் பலம் கொடுக்கச் சொன்னாலும் கொடுக்க முடியாது என்று மேலே பார்த்தோம். அவருடைய 100 என்பதே குறைந்துபோன 100. அதை வைத்துக் கணக்குப் போட்டால் எந்தப் பயிற்சியும் பெரிய சதவீதமாகத்தான் தெரியும். இன்னொன்று, மின் அளவு என்பது விசை ஆகாது. தசை களைத்துப் போனால் அதே பாரத்துக்கே ஈஎம்ஜி அளவு கூடும். பக்கத்துத் தசையின் மின்னோட்டமும் கலந்து வரும். வாஸ்டஸ் இன்டர்மீடியஸ் அடியில் இருப்பதால் தோல்மேல் ஒட்டினால் ஒழுங்காகக் கிடைக்கவே கிடைக்காது.

ஈஎம்ஜி அட்டவணையில் முதலிடத்தில் இருக்கும் பயிற்சியே உங்களுக்குச் சிறந்தது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்தப் பயிற்சியில் மூட்டுக்கு எவ்வளவு அழுத்தம் என்பதை ஈஎம்ஜி சொல்வதில்லை.

முழங்காலுக்கு அடியில் துண்டை வைத்து அழுத்தும் பயிற்சியைச் சரியாகத்தான் செய்கிறேனா?

பார்க்க எளிதாக இருந்தாலும் அதிகம் தவறாகச் செய்யப்படுவது இதுதான். துண்டை அழுத்த வேண்டும் என்று சொன்னதும் பலர் குதிகாலைத் தரையில் ஊன்றி, பிட்டத்தையும் பின்தொடையையும் இறுக்கி அழுத்துகிறார்கள். துண்டு நசுங்கும், முன்தொடை சும்மா இருக்கும்.

சரிபார்க்க ஒரு வழி. காலை நீட்டி உட்காருங்கள். உள்ளங்கையை முழங்கால் சில்லுக்கு மேலே, சற்றே உள்பக்கமாக வையுங்கள். துண்டை மறந்துவிட்டு, சில்லை இடுப்பை நோக்கி மேலே இழுப்பதாக நினைத்துக்கொண்டு இறுக்குங்கள். சரியாகச் செய்தால் மூன்று விஷயம் நடக்கும். கைக்கடியில் சதை கெட்டியாகி எழும்பும். சில்லு கொஞ்சம் மேலே நகரும். குதிகால் தரையிலிருந்து லேசாக எழும்ப முயலும். நல்ல காலில் முதலில் செய்து பார்த்துவிட்டு மற்றதில் செய்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். 5 முதல் 10 வினாடி பிடித்து, முழுசாகத் தளர்த்தி, மறுபடி. தளர்த்துவதையும் முழுசாகச் செய்யுங்கள். அரைகுறை இறுக்கத்தில் இருந்து அடுத்த இறுக்கத்துக்குப் போனால் பயன் பாதிதான்.

இதில் மூட்டு அசைவதில்லை, பாரமும் இல்லை. அதனால் ஒரு நாளில் பல தடவை செய்யலாம். வீக்கம் இருக்கும் முதல் கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி குறைவு.

அதற்குப் பதில் காலை நேராகத் தூக்கினால் போதாதா?

இரண்டும் ஒன்றல்ல. காலை நேராகத் தூக்கும்போது முக்கிய வேலை இடுப்பில் நடக்கிறது. அங்கே ரெக்டஸ் ஃபெமொரிஸ் முன்னுக்கு வந்துவிடும். இரண்டையும் ஈஎம்ஜியில் ஒப்பிட்டுப் பார்த்த பழைய ஆய்வு ஒன்றில், தூக்கும்போது ரெக்டஸ் ஃபெமொரிஸும், வெறுமனே இறுக்கும்போது உள்பக்கத் தசையும் அதிகமாக வேலை செய்தன. அதனால் நான் இரண்டையும் சேர்த்தே கொடுப்பேன். முதலில் இறுக்கு, இறுக்கம் குறையாமல் தூக்கு, இறுக்கத்தோடே இறக்கு.

தூக்கும்போது குதிகால் மேலே போக, முழங்கால் மட்டும் கொஞ்சம் தொய்ந்து மடங்குகிறதா என்று பக்கத்திலிருந்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். தொய்ந்தால் முன்தொடை இன்னும் முழங்காலைப் பூட்டிப் பிடிக்கத் தயாராகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் கணுக்காலில் எடை கட்டிக்கொள்ள வேண்டாம்.

உள்பக்கத் தசையை மட்டும் தனியாகப் பலப்படுத்த முடியுமா? பாதத்தை வெளியே திருப்பச் சொல்கிறார்கள், பந்தை இடுக்கச் சொல்கிறார்கள்.

முடியாது என்பதே என் பதில். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஒரு எண்ணத்தால் எத்தனையோ பேர் மாதக் கணக்கில் பாரமே ஏற்றாமல் பாதத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார்கள்.

வாஸ்டஸ் மீடியாலிஸின் கீழ்ப்பகுதி நார்கள் தொடை எலும்புக்குச் சுமார் 50 டிகிரி சாய்வாக ஓடி, சில்லின் உள்விளிம்பில் சேர்கின்றன. சில்லு வெளிப்பக்கம் சரியாமல் பிடித்துக்கொள்வது அவற்றின் வேலை. ஒரு காலத்தில், கால் நீளும் கடைசி 15 டிகிரியை இந்தப் பகுதிதான் நீட்டுகிறது என்று பாடத்தில் இருந்தது. 1968-இல் லீப், பெரி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அதைத் திருத்தியது. துண்டிக்கப்பட்ட கால்களில் ஒவ்வொரு தசையையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்தார்கள். கடைசி 15 டிகிரிக்கு முன்தொடை முழுவதுமே ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் விசை கொடுக்க வேண்டியிருந்தது. கீழ்ப்பகுதி நார்களை மட்டும் இழுத்தபோது முழங்கால் நீளவே இல்லை. அவை சில்லைத் தடத்தில் வைத்திருப்பவை மட்டுமே.

சரி, சில்லு வலி உள்ளவர்களிடம் இந்தத் தசை வெளிப்பக்கத் தசையைவிடச் சில மில்லிவினாடி தாமதமாக எழுகிறது என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. எல்லா நோயாளிகளிடமும் அது இல்லை, வலியில்லாத சிலரிடமும் அது இருக்கிறது. பாதத்தை வெளியே திருப்புவது, தொடையைச் சுழற்றுவது, பந்தை இடுக்குவது இவற்றால் உள்பக்கத் தசையை மட்டும் தனியாகத் தூண்ட முடிகிறதா என்று பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, நம்பகமாக அப்படி எதுவும் தெரியவில்லை. நான்கு பிரிவுக்கும் ஒரே நரம்பு. ஒன்று வேலை செய்தால் மற்றவையும் செய்யும். முன்தொடை முழுவதையும் பலப்படுத்தினால் உள்பக்கமும் சேர்ந்து பலமாகும்.

பந்தை இடுக்கிச் செய்வதால் கெடுதல் இல்லை. உள்தொடைக்கு அது நல்ல பயிற்சிதான். உங்களுக்கு அப்படிச் செய்யும்போது வலி குறைவாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். இடுக்கவில்லை என்பதற்காகப் பயன் போய்விடும் என்று கவலைப்பட வேண்டாம்.

உட்கார்ந்து காலை நீட்டுவதா, ஸ்குவாட் செய்வதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டும் முன்தொடையை வேலை வாங்கும். வித்தியாசம் எந்தக் கோணத்தில் சுமை ஏறுகிறது என்பதில்.

கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும்போது, கால் தொங்கும் 90 டிகிரியில் சுமையே இல்லை. நீட்ட நீட்ட ஏறி, கால் நேராகும்போது உச்சத்தைத் தொடுகிறது. அந்த இடத்தில்தான் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே ஒட்டும் பரப்பு குறைவு. குறைந்த பரப்பில் அதிக விசை விழுந்தால் அழுத்தம் கூடத்தான் செய்யும். நின்றபடி முழங்காலை மடக்கி இறங்கி எழும் ஸ்குவாட்டில் இதற்கு நேர்மாறு. நிற்கும்போது சுமை இல்லை, இறங்க இறங்க ஏறும். ஒட்டும் பரப்பும் கூடுகிறது, ஆனால் விசை அதைவிட வேகமாகக் கூடுகிறது.

1993-இல் இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, இரண்டு வளைகோடுகளும் 45 முதல் 50 டிகிரிக்கு இடையில் ஒன்றையொன்று வெட்டின. அதிலிருந்து வந்த வழிமுறை இன்றும் செல்லுபடியாகிறது. சில்லின் பின்னால் வலி இருப்பவர்கள் ஸ்குவாட், பாதத்தால் பாரத்தைத் தள்ளும் லெக் பிரஸ் போன்றவற்றை 0 முதல் 45 டிகிரிக்குள் செய்யலாம். உட்கார்ந்து நீட்டுவதை 90 முதல் 45 டிகிரிக்குள் செய்யலாம். கணுக்கால் எடையில் 90 டிகிரி பக்கம் சுமை குறைவு என்பதால், இரண்டாவதற்கு ஜிம்மில் இருக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் கருவி நல்லது. வலி அடங்கிய பிறகு இந்த வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். ஆயுசுக்கும் 45 டிகிரியில் நிற்கச் சொல்லும் விதி அல்ல இது.

ஒருவகை மட்டும் செய்தவர்களை 5 வருடம் கழித்துப் பார்த்த ஆய்வும் உண்டு. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு நன்றாக இருந்தார்கள். ஆகவே உங்களுக்கு வலிக்காத ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

ஸ்குவாட்டில் முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாதா?

தாண்டினால் முன்தொடைக்கு வேலை கூடும், முழங்காலுக்குச் சுமையும் கூடும். தாண்டவிடாமல் பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, உடம்பை முன்னே சாய்த்தால் சுமை இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் கொஞ்சம் முன்னே சாய்ந்து செய்யலாம். முன்தொடைக்குப் பலம் ஏற்றும் கட்டம் வந்ததும் நிமிர்ந்து செய்ய வேண்டும், அப்போது முழங்கால் முன்னே வரத்தான் செய்யும். சாய்ந்தபடியே மாதக் கணக்கில் செய்தால் பிட்டம் பலமாகும், முன்தொடை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஏறும்போது பரவாயில்லை, படி இறங்கும்போதுதான் உயிர் போகிறது. ஏன்?

இறங்கும்போது மேல்படியில் நிற்கும் கால்தான் உடம்பு முழுவதையும் மெதுவாக இறக்கிவிடுகிறது. முன்தொடை நீண்டுகொண்டே விசை கொடுக்க வேண்டிய வேலை அது. இப்படி நீளும்போது அதே பாரத்துக்குக் குறைவான தசைநார்கள் போதும், அதனால் ஈஎம்ஜி அளவு குறைவாகவே காட்டும். ஆனால் முழங்கால் நன்றாக மடங்கிய நிலையில் உடல் எடை முழுவதும் ஒரே காலில் நிற்பதால் சில்லின்மேல் அழுத்தம் அதிகம். 1972-இல் வெளியான ஒரு கணக்கின்படி, சில்லு மூட்டில் விழும் விசை சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையில் பாதி, படிகளில் 3.3 மடங்கு, ஆழமாகக் குந்தும்போது 7.8 மடங்கு. ஈஎம்ஜி குறைவாக இருப்பதால் பயிற்சி லேசானது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

இதற்கான பயிற்சியும் அதே அசைவுதான். உள்ளங்கை அகல உயரமுள்ள பலகையில் ஒரு காலில் நின்று, மற்ற காலின் குதிகாலை மூன்று வினாடி எடுத்துத் தரையைத் தொடும்வரை இறக்குங்கள். தொட்டதும் எடையைத் தரையைத் தொட்ட காலுக்கு மாற்றாமல் மேலே வாருங்கள். கண்ணாடி முன்னால் செய்தால் முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று தெரியும். வலியில்லாமல் செய்ய முடிந்த பிறகே உயரத்தைக் கூட்டுங்கள்.

பின்தொடையைக் கவனிக்க வேண்டாமா?

கவனிக்க வேண்டும், வேறு காரணத்துக்காக. மூட்டுத் தேய்மானம் உள்ள பலர் நடக்கும்போது முன்தொடையையும் பின்தொடையையும் ஒரே நேரத்தில் இறுக்கிக்கொள்கிறார்கள். முழங்காலை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் முயற்சி அது. இரண்டு பக்கமும் இழுத்தால் மூட்டு நடுவில் நசுங்குகிறது. பின்தொடைக்குப் பாலம்போல் இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் பயிற்சியும், நின்றபடி குதிகாலைப் பின்னால் மடக்குவதும் போதும்.

இடுப்புக்கும் பயிற்சி கொடுக்கிறார்களே?

சரியாகத்தான் கொடுக்கிறார்கள். பக்கவாட்டுப் பிட்டத் தசை பலவீனமானால் தொடை உள்நோக்கிச் சாய்ந்து திரும்பும், அந்தச் சுமை சில்லின் வெளிப்பக்கத்தில் விழும். சில்லு வலிக்கு இடுப்பு, முழங்கால் இரண்டையும் சேர்த்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்று 2019-இல் வெளியான அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டி சொல்கிறது. வலி கடுமையாக இருக்கும் ஆரம்ப நாட்களில் இடுப்பிலிருந்து தொடங்குவது எனக்குப் பிடித்த வழி. முழங்காலைத் தொடாமலே வேலை ஆரம்பித்துவிடும்.

வலியோடு செய்யலாமா?

கொஞ்சம் வலிக்கலாம். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி என்று வைத்துக்கொண்டால், 2 வரை கவலை இல்லை. 5 வரை ஏற்றுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் பாரத்தையோ கோணத்தையோ குறைக்க வேண்டும். இந்த அளவுகோல் பிசியோதெரபியில் பல வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. செய்யும்போது வரும் வலியைவிட மறுநாள் காலை நிலைமை முக்கியம். காலையில் எழுந்ததும் முந்தின நாளைவிட வலியோ வீக்கமோ விறைப்போ கூடியிருந்தால் அளவு மீறிவிட்டது.

பயிற்சியே வேண்டாம் என்று நிறுத்திவிடுவதைவிட, அளவைக் குறைத்துத் தொடர்வது எப்போதும் நல்லது.

ஐஸ், மின்தூண்டல், டேப் எல்லாம் பயன் தருமா?

ஐஸ் வைத்தால் வலி குறைவதோடு, முன்தொடைக்கு வரும் அந்த நரம்புத் தடுப்பும் சற்று நேரத்துக்குத் தளர்கிறது. பயிற்சிக்கு முன்னால் துணி சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்துவிட்டு உடனே பயிற்சியில் இறங்கினால் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பலர் பயிற்சி முடிந்த பிறகுதான் வைக்கிறார்கள்.

மின்தூண்டல் கருவி, கட்டளை வராத தசையை வெளியிலிருந்து சுருங்க வைக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் மாதத்தில் முன்தொடைப் பலம் பாதிக்கும் மேல் இறங்கிவிடும். அந்த நேரத்தில் சீக்கிரமே தொடங்கினால் நல்ல பலன் இருக்கிறது. தசை கண்ணுக்குத் தெரியும்படி சுருங்க வேண்டும், வெறும் குறுகுறுப்போடு நிறுத்தினால் அது வலிக்கான சிகிச்சைதான், தசைக்கானது அல்ல. கூடவே நீங்களும் இறுக்க வேண்டும். சில்லைச் சேர்த்து ஒட்டும் டேப் குறுகிய காலத்துக்கு வலியைக் குறைக்கும். அந்த நேரத்தில் பயிற்சியைச் செய்துவிட வேண்டும்.

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

தசையை எழுப்பும் பகுதி அப்படியே பொருந்தும், இன்னும் அவசரமாகவே. ஒரே ஒரு எச்சரிக்கை. எடையோடு உட்கார்ந்து காலை நீட்டும்போது, கடைசி 40 டிகிரிப் பகுதியில் முன்தொடை கீழ்க்கால் எலும்பை முன்னோக்கி இழுக்கும். புது ஜவ்வுக்கு அது இழுவிசை. எந்த வாரத்திலிருந்து, எந்தக் கோணம்வரை என்பதை உங்கள் அறுவை மருத்துவர் சொல்வதுபடி மட்டும் செய்யுங்கள். ஜவ்வு எங்கிருந்து எடுத்து வைத்தார்கள் என்பதைப் பொறுத்தும் அது மாறும்.

எப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

முழங்கால் திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே போக வேண்டும். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டாலும், முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ வராவிட்டாலும் அப்படியே. 'டப்' என்ற சத்தத்துக்குப் பிறகு காலை நேராகத் தூக்கவே முடியவில்லை என்றால் சில்லைப் பிடித்திருக்கும் நாண் அறுந்திருக்கலாம், தாமதிக்கக் கூடாது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். அதைத் தேய்க்கக் கூடாது.

ஆறு வாரமாகச் செய்கிறேன். தொடை பருக்கவே இல்லையே?

முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு வழியில் வருவது. கட்டளை நன்றாகப் போய்ச் சேர்கிறது, தூங்கிக்கிடந்த நார்கள் வேலைக்கு வருகின்றன. ஈஎம்ஜியில் ஏற்றம் தெரியும், அளவு நாடாவில் தெரியாது. தசை பருப்பது அதற்குப் பின்னால்தான், அதுவும் பாரம் போதுமானதாக இருந்தால். வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், 8 முதல் 12 தடவைக்கு மேல் செய்ய முடியாத பாரம், 2 அல்லது 3 சுற்று. அதே பாரத்தில் 20 தடவை சிரமமில்லாமல் வருகிறது என்றால் பாரம் போதவில்லை. அதிகப் பாரம் தாங்காதவர்களுக்குத் தொடையில் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தைக் குறைத்து, தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 20 முதல் 30 சதவீதத்தை மட்டும் வைத்துச் செய்யும் முறையும் உண்டு. அதைப் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் மட்டும் செய்ய வேண்டும்.

நாடாவை எடுத்து வைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள். சாதாரண உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி, தேதியோடு எழுதி வையுங்கள். நான்கு வாரம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் செய்வதைத் தொடருங்கள். கூடவில்லை என்றால் பாரத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் முழங்காலில் இன்னும் நீர் இருக்கிறதா என்று ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள்.